சும்மா ஓட்டிப் பார்த்தவர்

கேண்டீனில் ஒரு பெண் காலித் தட்டை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, பாவம், யாருக்கோ நல்ல பசி என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது கழுவி வைத்த தட்டு. சோறே இன்னும் போடவில்லை. ஆள் யாரென்றால் லேபுக்குப் புதிதாக வந்திருந்த மேடம். டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று சொல்லிக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். அந்த வாரம் முழுக்க சாம்பார் கசக்கிறது என்று எல்லோரும் சமையல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம். நானும் திட்டினேன், திட்டுவதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. மேடம் மட்டும் சாம்பாரைத் தொடவில்லை. முதலில் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். பிறகு வெறும் சோற்றை வாயில் போட்டுப் பார்த்தார். கடைசியில் தட்டுக்கு வந்தார். தட்டுதான் கசந்தது. பாத்திரம் கழுவுகிற பவுடர் சரியாக அலசப்படாமல் மெல்லிய படலமாக அதன் மேல் ஒட்டியிருந்தது. "சாம்பார்ல ஒண்ணும் இல்லண்ணே, தட்ட இன்னொருக்கா அலசச் சொல்லுங்க" என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு, தானே ஒரு தட்டை அலசி எடுத்துவந்து உட்கார்ந்து சாப்பிட்டார். சமையல்காரர் அன்றிலிருந்து அவருக்கு அப்பளம் கூடுதலாக வைத்தார்.

எங்கள் கம்பெனி ஒரகடம் பக்கம். கார், லாரிகளின் புகைக்குழாய்க்குள் வைக்கிற கட்டி செய்கிறோம். பீங்கான் கட்டிதான், தேன்கூடு மாதிரி துளைத் துளையாக இருக்கும். அதைக் கஞ்சிப் பதத்தில் இருக்கும் ஒரு கலவையில் முக்கி, ஊதி, உலர்த்தி, சூளையில் சுடுவோம். அந்தக் கஞ்சியில் பிளாட்டினம் இருக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார்கள். வெளியே போகும்போது செருப்பைத் தட்டிவிட்டுப் போகச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. என் வேலை முக்குகிற லைனில். கான்ட்ராக்ட்தான், ஆனாலும் லைன் லீடர். என் லைனில் நின்றது எல்லாம் பெண்கள்.

இவ்வளவு விலையுள்ள பொருளைப் புகையில் கொண்டுபோய் வைக்கிறார்களே, அது கரைந்து போகாதா என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன். படித்தவர்கள் இப்படிக் கேட்டால் ஒன்று சிரிப்பார்கள், இல்லையென்றால் எழுதிக் காட்டப் பலகையைத் தேடுவார்கள். இவர் டீயைக் கீழே வைத்தார்.

"சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புல பெஞ்சு கெடக்குல்லா அக்கா. ஒருத்தன் வாரான், உக்காருதான். பக்கத்துல இன்னொருத்தன் வந்து உக்காருதான். பேசிப் பழகி ரெண்டு பேரும் ஒரே பஸ்ல ஏறிப் போயிருதாங்க. பெஞ்சு அங்கயேதான் இருக்கு. பிளாட்டினம் அந்தப் பெஞ்சுதான். குடிச்சிட்டு ஒருத்தன் கால நீட்டிப் படுத்துட்டான்னு வைங்க, மத்தவன் எங்க போய் உக்காருவான்?"

புகையில் இருக்கிற விஷமும் காற்றும் அப்படித்தான் பிளாட்டினத்தின் மேல் உட்கார்ந்து, ஒன்று சேர்ந்து, கெடுதல் இல்லாததாக எழுந்து போகின்றன. மேலே வேறு ஏதாவது படிந்து மூடிவிட்டால் போச்சு. உள்ளே எத்தனை விலையுள்ள சரக்கு இருந்தும் பிரயோசனமில்லை. அவர் படித்த படிப்பே இதுதானாம். ஒரு பொருளின் மேல்பரப்பில் என்ன நடக்கிறது, எது வந்து ஒட்டுகிறது, எது விலகுகிறது என்பதைப் பற்றி மட்டும். என் லைனில் இருந்த கௌரி, "அத்தினி வருசமும் மேலோட்டமாத்தான் படிச்சாங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் வாய் அப்படி.

லேபில் ஒரு கருவி இருந்தது. நாங்கள் செய்த கட்டியிலிருந்து சின்னத் துண்டு வெட்டி, கண்ணாடிக் குழாயில் வைத்து, புகை மாதிரி கலந்த வாயுவை அதன் வழியாக விட்டுக்கொண்டே சூடேற்றுவார்கள். எந்தச் சூட்டில் கட்டி வேலை செய்ய ஆரம்பிக்கிறது என்று தெரியும். சீக்கிரம் ஆரம்பித்தால் நல்ல கட்டி. மேடம் ஒவ்வொரு முறையும் துண்டை வைப்பதற்கு முன்னால் வெறும் குழாயை ஒரு தடவை ஓட்டுவார். கரண்டும் நேரமும் வீண் என்று குவாலிட்டி மேனேஜர் முகத்தைச் சுளிப்பார். குழாயே கொஞ்சம் வேலையைச் செய்துவிட்டு, அதைக் கட்டியின் பேரில் எழுதிவிட்டால் என்ன ஆவது என்று இவர் திருப்பிக் கேட்பார். "மொதல்ல சும்மா ஓட்டிப் பாப்போம்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். அதனால் எங்களுக்கு அவர் சும்மா மேடம். அவருக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஒல்லியான ஆள். முடியைக் காதோடு வெட்டியிருப்பார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போகாமல் இருக்க மாட்டார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், நான் மேடம் என்பேன். எதைக் கேட்டாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு "இருக்கலாம்" என்பார். ஆம் என்றோ இல்லை என்றோ அவர் வாயிலிருந்து வாங்குவதற்குள் ஒரு ஷிப்ட் முடிந்துவிடும்.

எனக்கு அப்போது ஓயாத தலைவலி. சூளைக்குப் பக்கத்தில் நிற்பதால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். வேறு லைனுக்கு மாற்றிக் கேட்கலாம் என்று இருந்தேன். மேடம் குறுக்கே வந்து, ஞாயிற்றுக்கிழமை வலிக்கிறதா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தலை இருக்கிறதா என்று பார்க்கவே எனக்கு நேரம் இல்லை என்றேன். வருகிற ஞாயிறு அதே நேரத்தில் வீட்டில் சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். சும்மா உட்காரத் தெரியாமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சூளை இல்லை, சூடு இல்லை, வலி மட்டும் டாணென்று வந்தது. வாலாஜாபாத்தில் கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டேன். இன்றைக்கு நான் இதை எழுதுவதும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.

ஆனால் இந்தக் குணத்தோடு எல்லா இடத்திலும் காலம் தள்ள முடியாது. மேடத்துக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மாவே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாராம். பையன் அம்மா இல்லாமல் ஒரு தடவை சும்மா வந்து பேசிவிட்டுப் போகட்டும் என்று இவர் சொல்லியனுப்பினார். பையன் வரவே இல்லை. எங்களிடம் இதைச் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, இந்தப் பெண் எங்கே போய் வாழப்போகிறதோ என்ற கவலையும் வந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியே கழுவித் துடைத்துக் கிடந்தது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. மேடத்துக்குப் பூஜை பழக்கம் கிடையாது. ஆனால் ஊரே துடைக்கும்போது தான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவருக்கு மனசு வரவில்லை. லேபில் இருந்த தன் கருவியை ஒரு நாள் பூராவும் கழற்றித் துடைத்து மாட்டினார். கல்யாணக் கார் மாதிரி மின்னியது. கௌரி அதன் இரும்புச் சட்டத்தில் ஒரு பொட்டு வைக்கலாமா என்று கேட்டாள். தாராளமாக வை என்று சொல்லிவிட்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்து தின்றார். நாங்கள் அவரை ரொம்பவும் விரும்பிய நாள் அது.

பூஜை விடுமுறை முடிந்து வந்ததும் ஆரம்பித்தது வினை. நாங்கள் செய்த கட்டி ஒன்றுகூட லேபில் தேறவில்லை. சூடு ஏற ஏற, அது தூங்குகிறது. லோடு லோடாகக் கட்டிகள் வெளியே போகாமல் கிடங்கில் தேங்கின. கருவியில் ஓட்டிப் பார்த்த துண்டுகளைச் சென்னையில் ஒரு பெரிய லேபுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்த பதில்: பிளாட்டினத்தின் மேலே மணல் ஜாதியில் மெல்லிய படலம் மூடியிருக்கிறது; சிலிகான் கலந்த ஏதோ ஒன்று பட்டு எரிந்ததால் வந்தது.

மேனேஜர் மீட்டிங் போட்டார். லைன் லீடர் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். இந்த சிலிகான் எங்கிருந்து வரும் என்று மேடத்திடம் கேட்டார். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, மெஷினில் இருக்கும் கிரீஸிலிருந்து வரலாம், சூளைக் கதவில் பூசுகிற பசையிலிருந்து வரலாம், கைக்குப் போடுகிற க்ரீமிலிருந்து, முடிக்குத் தடவுகிற சீரத்திலிருந்துகூட வரலாம் என்று அடுக்கினார். மேனேஜருக்குக் கடைசியில் சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. "முடிக்குப் போடறதா?" என்றார். இவர் வழக்கம்போல "இருக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மத்தியானமே எங்கள் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். முடி பளபளவென்று இருக்க நம் பெண்கள் கடையில் வாங்குகிற சின்னப் பாக்கெட் இருக்கிறதே, அது பாதிப் பேர் பையில் இருந்தது. கௌரி பையிலிருந்து எடுத்ததை மேனேஜர் எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். நாங்கள் குல்லாய் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறோம், கையுறை இருக்கிறது என்று நான் சொன்னது எடுபடவில்லை. கூப்பிடும்போது வந்தால் போதும் என்று கான்ட்ராக்டர் லைனையே வீட்டுக்கு அனுப்பினார். பார்த்துக்கொள்ள வேண்டியவள் என்று என்னையும் சேர்த்து.

கூப்பிடும்போது வா என்றால் வராதே என்று அர்த்தம். இது இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சின்னப் பெண்களுக்காவது வேறு கம்பெனி கிடைக்கும். எனக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்த கேட்டிலும் அந்த வயதுப் பெண்ணை லைனுக்கு எடுக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறார். வாடகை வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. இதில் ஊர்ப்பேச்சு வேறு. எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் தண்ணீர் பிடிக்கப் போனால், சிங்காரிச்சிக்கினு போய்க் கம்பெனி சரக்கையே கெடுத்துட்டாங்களாமே என்று என் காதுபடவே பேசினார்கள். நான் மேனேஜரைத் திட்டவில்லை. மனசுக்குள் திட்டித் தீர்த்தது மேடத்தைத்தான். சாம்பாருக்குக்கூட அத்தனை விசாரணை வைத்தவர், எங்கள் விஷயத்தில் "இருக்கலாம்" என்று எப்படிச் சொல்லலாம்?

ஒரு நாள் சாயங்காலம் அவர் ஸ்கூட்டியில் வந்து என் வீட்டு வாசலில் நின்றார். முகம் கறுத்துப் போயிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்களால இல்லக்கா" என்றார். "என்னாலதான்."

"இன்னா சொல்ற நீ?"

அவரை நான் ஒருமையில் பேசினேன் என்பது பேசி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

எங்களை அனுப்பிய பிறகு புதிய ஆட்களை வைத்து ஓட்டினார்கள். அப்போதும் கட்டி தேறவில்லை. பூஜைக்கு முன்னால் நன்றாகத் தேறிய பழைய கட்டி ஒன்றை எடுத்து மறுபடி ஓட்டினார், அதுவும் தூங்கியது. கோளாறு கட்டியில் இல்லை, கருவியில் இருக்கிறது என்று அப்போது சந்தேகம் வந்தது. அவர்தான் தினமும் வெறும் குழாயை ஓட்டுகிறாரே, அதில் ஏன் தெரியவில்லை என்று நான் கேட்டேன். "வெறும் குழாயில பெஞ்சே இல்லல்லா அக்கா. படுக்கதுக்கு பெஞ்சு இருந்தாத்தான படுத்தவன் யாருன்னு தெரியும்?" என்றார். அதனால் கட்டி எதுவும் வைக்காமல், சுத்தமான பிளாட்டினத் தகடு ஒன்றை மட்டும் குழாயில் வைத்து ஓட்டி, அதைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார். தகட்டின் மேலும் அதே படலம். அந்தத் தகடு எங்கள் லைன் பக்கமே வந்ததில்லை.

பிறகு கருவியை மூட்டு மூட்டாகக் கழற்றியபோதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஆயுத பூஜைக்குத் துடைத்த அன்று, கம்பெனி கார் டிரைவர் டேஷ்போர்டுக்கு அடிக்கிற பளபளப்பு ஸ்ப்ரே ஒன்றைக் கொடுத்திருக்கிறார். இவர் அதை வாங்கிச் சட்டத்துக்கும் அடித்து, வாயு வருகிற குழாய் மூட்டுகளுக்கும் அடித்துத் துடைத்திருக்கிறார். அதில் இருந்தது சிலிகான். சூடேறும்போதெல்லாம் மூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போய்த் துண்டின் மேல் படிந்திருக்கிறது. கிடங்கில் தேங்கிக் கிடக்கும் கட்டிகள் எல்லாம் நல்ல கட்டிகள்.

"டப்பாவத் திருப்பி என்ன போட்டிருக்குன்னுகூட நான் பாக்கலக்கா. எல்லாரும் மினுக்குதாங்க, நானும் மினுக்குவோம்னு அடிச்சிட்டேன். ஊர்ல உள்ள எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். என் கைய நெனச்சே பாக்கல."

மேலே சொல்லியாயிற்றா என்று கேட்டேன். காலையிலேயே சொல்லிவிட்டாராம். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, கருவியில் மூட்டு பழசாகிவிட்டது என்று எழுதி முடித்துவிடலாம், ஸ்ப்ரே கதையெல்லாம் வேண்டாம், உன் பேரும் கெடாது என்றிருக்கிறார். அந்தப் பெண்கள் என்ன ஆவது என்று இவர் கேட்டதற்கு, புது ஆட்கள் வந்தாயிற்றே, அவர்கள் விஷயத்தைக் கிளறாதே என்று பதில்.

அவர் கிளறிவிட்டார். பழைய மூட்டைத் தூக்கிப் போட்டுப் புது மூட்டு மாட்டி ஓட்டினால் மட்டும் போதாது, ஸ்ப்ரேயைத் தவிர மற்ற எல்லாம் பூஜைக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், அதே ஆட்கள் லைனில் நிற்காமல் ஓட்டுவது சோதனையே ஆகாது, அப்படி ஒரு ரிசல்ட்டைத் தன்னால் கஸ்டமர் முன்னால் வைக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். கஸ்டமர் என்ற பேரைக் கேட்டதும் மேனேஜர் சம்மதித்துவிட்டார்.

"நாளைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வந்துருங்க. தலைக்கு எப்பவும் என்ன போடுவாங்களோ, அதப் போட்டுட்டு வரச் சொல்லுங்க. ஒண்ணுகூடக் கொறையக் கூடாது."

"உன் வேல?"

"தெரியலக்கா" என்றார். இந்த முறை தலையைச் சாய்க்கவில்லை.

அன்று சாயங்காலமே கௌரி வீட்டுக்கும் மற்றவர்கள் வீட்டுக்கும் நடந்தேன். மறுநாள் எங்கள் லைன் கேட்டுக்குள் போன கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாதாரண நாளில் சீரம் போடாதவளும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எப்பவும் போல வரச் சொன்னார்களடி என்று நான் பல்லைக் கடித்தேன். செக்யூரிட்டி வாசனை பிடித்துவிட்டுத் தயங்கினார். மேடம் கேட்டருகே வந்து நின்று எங்களை உள்ளே கூட்டிப்போனார்.

லேபுக்கு அவர்தான் அடுத்த தலைவர் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அது நடக்கவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அடுத்த வருஷம் வேறு மாநிலத்தில் ஏதோ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறாரோ, அவருக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று நான் மனசார நினைக்காத நாள் குறைவு. ஆனால் ரிசல்ட் வந்த அந்த நாளைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

நாங்கள் முக்கி எடுத்த கட்டிகளைச் சுட்டு, துண்டு வெட்டி, புது மூட்டு மாட்டிய கருவியில் ஓட்டினார்கள். மறுநாள் மதியம் மேடம் லைனுக்கு வந்து பெல்ட்டை நிறுத்தச் சொன்னார். பின்னாலேயே மேனேஜர், வேண்டாம், ரூமில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லோரும் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தோம். புதிதாக வந்த பிள்ளைகளும் கூடினார்கள்.

கட்டிகள் எல்லாம் தேறிவிட்டன என்றார். கிடங்கில் இருப்பதும் தேறிவிட்டது என்றார். பிறகு ஸ்ப்ரே அடித்ததை, யார் கொடுத்தது என்று டிரைவரின் பேச்சையே எடுக்காமல், தான் அடித்ததாக மட்டும் சொன்னார். "இவங்க பையத் தொறந்து பாத்தது தப்பு. அதுக்குக் காரணம் என் வாய். அக்கா, எல்லாரும் என்ன மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டார்.

எங்கள் யாரிடமும் யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. சூப்பர்வைசர் சொன்னதில்லை, கான்ட்ராக்டர் சொன்னதில்லை, வீட்டில் கட்டியவன் சொன்னதில்லை. கௌரிக்கு அவ்வளவு வாய். அவளே என் பக்கம் திரும்பினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லீடர் நான்தானே. அவரைத் திட்டுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஓடிப்போய் அந்த ஒல்லி உடம்பைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கையுறை முழுக்கக் கஞ்சி.

"லோடு நின்னுகினு கீது மேடம்" என்றேன். "பெல்ட்ட போடச் சொல்லுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே போய் பச்சைப் பொத்தானை அழுத்தினார். பெல்ட் ஓட ஆரம்பித்தது. நான் இன்றுவரை அதே லைனில்தான் நிற்கிறேன்.